கலைப்பு ஏலத்தில் மாடல் ரயில் வாங்குவது எப்படி: முதல்முறை போகிறவர்களுக்கு

மாடல் ரயில் தயாரித்த நிறுவனமோ விற்ற கடையோ இழுத்து மூடப்படும்போது, கையிருப்பு மொத்தமும் ஏலத்துக்கு வரும். பெட்டி பிரிக்காத எஞ்சின்கள், வாடிக்கையாளர்கள் திருப்பிக் கொடுத்தவை, பழுதுபார்க்க வந்து அப்படியே கிடந்தவை, கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு நின்றவை, வடிவமைப்பு அறையில் இருந்த முன்மாதிரிகள் என எல்லாம் கலந்து வரும். கடையில் எங்கே தேடினாலும் கிடைக்காத பொருள் இங்கே கிடைக்கும். விலையும் பல சமயம் குறைவாக இருக்கும்.

ஆனால் வாங்கிய பிறகு போய்க் கேட்க ஆள் கிடையாது. தயாரித்த நிறுவனம் கலைந்து போயிருக்கும். உத்தரவாத அட்டை செல்லாது. "வேலை செய்யவில்லை, மாற்றிக் கொடுங்கள்" என்று சொல்ல ஒரு கவுன்டர் இல்லை. ஆகவே பார்க்க வேண்டியது, கேட்க வேண்டியது, கணக்குப் போட வேண்டியது எல்லாமே ஏலம் கேட்பதற்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். இதையெல்லாம் நான் தட்டுத்தடுமாறித்தான் கற்றேன். வரிசையாகச் சொல்லித்தர யாரும் இல்லை. நீங்கள் அந்தச் சிரமம் படாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

1. விற்பவர் யார் என்று உறுதி செய்யுங்கள்

திவால் மனு போட்டுவிட்டார்கள் என்ற செய்தி வந்தவுடன் ஏலம் வரும் என்று காத்திருக்க வேண்டாம். ஜெர்மன் மாடல் ரயில் நிறுவனமான மெர்க்லின் 2009ல் திவால் நடவடிக்கைக்குள் போனது. உற்பத்தி நிற்கவில்லை, நிறுவனம் மீண்டு, 2013ல் புதிய உரிமையாளரிடம் போனது. அமெரிக்க நிறுவனமான லயனலும் 2004ல் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போய், 2008ல் வெளியே வந்தது. இப்படி மறுசீரமைப்பு நடக்கும்போது சரக்கு வழக்கமான கடைகள் வழியாகத்தான் விற்கும். நிறுவனத்தை முழுதாகக் கலைத்து, கடன்காரர்களுக்குப் பணம் திரட்ட கலைப்பாளர் ஒருவரை நியமித்து, அவர் ஏல நிறுவனத்திடம் சரக்கை ஒப்படைத்தால்தான் கலைப்பு ஏலம்.

இங்கே பலருக்கும் தெரியாத பொறி ஒன்று இருக்கிறது. கலைப்பு ஏலம் என்று பெரிதாக விளம்பரம் செய்துவிட்டு, நடுவில் வேறு விற்பனையாளர்களின் சரக்கையும் செருகுவார்கள். அது சட்டப்படி தவறில்லை. பட்டியலில் சின்னதாக ஒரு குறியும் இருக்கும். ஆனால் அந்த லாட் (ஒரே எண்ணில் ஏலம் விடும் பொருளோ தொகுப்போ) மூடிய நிறுவனத்தின் அலமாரியிலிருந்து வந்தது இல்லை. உங்களுக்குப் பிடித்த லாட்டின் எண்ணைக் குறிப்பிட்டு, "இது கலைப்பாளர் சார்பில் விற்கப்படுகிறதா?" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். வரும் பதிலைப் பத்திரமாக வையுங்கள். முன்மாதிரி வாங்குகிறீர்கள் என்றால் அந்தப் பதிலே பின்னால் உங்களுக்கு ஆதாரம்.

2. விற்பனை நிபந்தனைகளை முழுதாகப் படியுங்கள்

அலுப்பான வேலைதான், ஆனால் பணம் இங்கேதான் போகிறது. ஒவ்வொரு ஏலத்துக்கும் நிபந்தனை தனி. போன மாதம் அதே நிறுவனம் நடத்திய ஏலத்தில் இருந்தது இந்த மாதம் இருக்கும் என்று நம்பக் கூடாது. நான் ஒரு தாளில் இவற்றை மட்டும் எடுத்து எழுதிக்கொள்வேன்:

- ஏலத்தொகைக்கு மேல் வாங்குபவர் கட்டும் ப்ரீமியம் எத்தனை சதவீதம்
- வரி எதன் மேல்: ஏலத்தொகை மேலா, ப்ரீமியம் மேலா, இரண்டின் மேலுமா
- இணையத் தளம் வழியாக ஏலம் கேட்டால் கூடுதல் கட்டணம் உண்டா
- பணம் கட்டக் கெடு எப்போது, எந்த வழியில்
- சரக்கை எடுக்கும் நாள், நேரம். தாமதித்தால் நாள் வாடகை எவ்வளவு
- குறை இருந்தால் சொல்ல எத்தனை நாள் அவகாசம்

இவை போக, மூன்று வாசகங்களைத் தேடிப் பிடியுங்கள். முதலாவது, "உள்ளது உள்ளபடி விற்பனை" என்பது. பொருள் ஓடவில்லை, உடைந்திருக்கிறது, பாதி இல்லை என்று பின்னால் சொல்ல முடியாது என்று அர்த்தம். அடுத்தது, "விற்பவரின் ஒப்புதலுக்கு உட்பட்டது". மூன்று தரம் சொல்லி முடித்தாலும் கலைப்பாளர் சரி என்றால்தான் பொருள் உங்களுடையது. சில நாட்கள் காத்திருக்க நேரும். அந்த நாட்களில் அந்தப் பணத்தை வேறு லாட்டில் போட்டுவிடாதீர்கள். கடைசியாக, "மொத்தமாகவும் கேட்கலாம்". தனித்தனியாக லாட்டுகளை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்து ஒருவர் கேட்கும் தொகை தனித்தனித் தொகைகளின் கூட்டலைத் தாண்டினால் அவருக்கே போய்விடும். மாடல் வார்க்கும் அச்சுகளும் முன்மாதிரிகளும் விற்கும்போது இந்த முறையைப் பார்க்கலாம்.

பொறுப்பு எப்போது உங்களுக்கு மாறுகிறது என்பதையும் பாருங்கள். பல நிபந்தனைகளில் உரிமை பணம் கட்டிய பிறகுதான் வரும். ஆனால் சேதத்துக்கான பொறுப்பு சுத்தியல் விழுந்த நொடியிலேயே வந்துவிடும். அதாவது கிடங்கில் இருக்கும்போது உடைந்தாலும் உங்கள் நஷ்டம். விலை அதிகமான பொருள் என்றால் காப்பீட்டை அன்றிலிருந்தே தொடங்குங்கள்.

3. உச்சவரம்பைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள்

ஏலத்தொகையை விலை என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஓர் உதாரணம். ஏலத்தொகை 100. ப்ரீமியம் 25 சதவீதம், இணையக் கட்டணம் 5 சதவீதம் என்றால் 130 ஆயிற்று. அதன் மேல் 20 சதவீத வரி சேர்த்தால் 156. பேக்கிங், போக்குவரத்து இன்னும் வரவில்லை.

ஆகவே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். அந்தப் பொருள் வீட்டுக்கு வந்து சேர அதிகபட்சம் 1,000 தரலாம், போக்குவரத்துக்கு 100 ஆகும் என்றால் மிச்சம் 900. அதை 1.56ஆல் வகுத்தால் 577. அதுதான் நீங்கள் கேட்கக்கூடிய கடைசித் தொகை. ஏலம் 550க்குப் பிறகு 600 என்று படிப்படியாக ஏறினால் உங்கள் எல்லை 550. இந்த எண்ணை ஏலத்துக்கு முந்தைய நாளே எழுதி வையுங்கள். ஏலம் சூடுபிடித்த பிறகு போடும் கணக்கு எப்போதும் உயர்ந்துகொண்டே போகும்.

பயன்படுத்திய பொருட்களை லாப வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டும் முறையில் விற்க சில நாடுகளில் அனுமதி உண்டு. அப்படி விற்கும் லாட்டில் ஏலத்தொகைக்குத் தனி வரி வராது. பட்டியலில் லாட் எண் பக்கத்தில் குறி இருக்கும். ஒரே ஏலத்தில் இரண்டு வகையும் கலந்து வரலாம், ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

4. பதிவு

பதிவை முந்தைய வாரமே முடித்துவிடுங்கள். அடையாள அட்டை, முகவரிச் சான்று கேட்பார்கள். பெரிய லாட்டுகளுக்கு முன்பணமோ அட்டை உத்தரவாதமோ கேட்பதும் உண்டு. சரிபார்க்க ஓரிரு வேலை நாட்கள் ஆகலாம். ஏல நாளன்று காலையில் பதிவு செய்தால் அனுமதி வருவதற்குள் உங்கள் லாட் போய்விடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பதிவு செய்யும் பெயரில்தான் இன்வாய்ஸ் வரும். பணம் அதே பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலிருந்து வர வேண்டும். சரக்கை எடுக்க வருபவர் வேறு ஆள் என்றால் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம் வேண்டும். என் சார்பில் போன நண்பரைக் கிடங்கு வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்; கடிதம் இருந்தது, ஆனால் லாட் எண்கள் அதில் இல்லை என்றார்கள். கடிதத்தில் இன்வாய்ஸ் எண், லாட் எண்கள், வருபவரின் அடையாள அட்டை எண் மூன்றையும் எழுதிவிடுங்கள்.

5. பட்டியலை நம்பாமல் படியுங்கள்

கலைப்பு ஏலத்தில் பட்டியல் தயாரிப்பவர் பெரும்பாலும் மாடல் ரயில் தெரிந்தவர் இல்லை. போன வாரம் அலுவலக நாற்காலிகளைப் பட்டியலிட்டவர் இந்த வாரம் எஞ்சின்களைப் பட்டியலிடுகிறார். அதனால் அளவு தப்பாக இருக்கும், மின் முறையைச் சொல்லவே மாட்டார்கள், பெட்டியில் ஒட்டிய எண்ணை அப்படியே எழுதியிருப்பார்கள். உள்ளே இருப்பது வேறாக இருக்கும். இதில் நஷ்டமும் உண்டு, லாபமும் உண்டு. நல்ல முன்மாதிரி "சாம்பல் நிற பிளாஸ்டிக் ரயில், உடைந்தது" என்று பட்டியலில் வந்திருக்கலாம். படங்களைப் பெரிதாக்கி நீங்களே அடையாளம் காணுங்கள்.

அளவு (நிஜ ரயிலை எத்தனை மடங்கு சுருக்கியது என்பது) விஷயத்தில் தண்டவாள அகலத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் 1:87 அளவுள்ள ஹெச்ஓ (HO) மாடலும் ஓடும், 1:76 அளவுள்ள ஓஓ (OO) மாடலும் ஓடும். பக்கத்தில் நிறுத்தினால் பொருந்தாது. 9 மில்லிமீட்டரில் ஓடும் "என்" (N) அளவிலும் பொதுவாக 1:160, பிரிட்டிஷ் மாடல்களில் 1:148, ஜப்பானிய மாடல்கள் பலவற்றில் 1:150 என்று வேறுபடும். 45 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடும் தோட்ட ரயில்களில் குழப்பம் இன்னும் அதிகம்.

அப்புறம் மின் முறை. இரண்டு தண்டவாள நேர்மின் முறையில் ஓடும் எஞ்சினா, மெர்க்லின் பாணியில் நடுவில் தொடர்பு எடுக்கும் மூன்று தண்டவாள முறையா? எஞ்சினின் அடிப்பக்கப் படம் கேளுங்கள். நீளமான உலோகச் சறுக்குத் தகடு தெரிந்தால் அது மூன்று தண்டவாள வகை. அதன் சக்கரங்கள் பொதுவாக மின்காப்பு இல்லாதவை. இரண்டு தண்டவாளப் பாதையில் வைத்தால் நேராக ஷார்ட் ஆகும்.

"கலப்பு லாட்" என்று பார்த்தால், படத்தில் தெளிவாகத் தெரிவதற்கு மட்டும் மதிப்புப் போடுங்கள். பெட்டிக்கு அடியில் என்ன இருக்குமோ என்ற ஆசைக்கு விலை வைக்க வேண்டாம்.

6. பார்வை நாளில் கட்டாயம் போங்கள்

ஏலத்துக்கு முந்தைய நாளோ, அதற்கு முன் குறிப்பிட்ட சில மணி நேரமோ சரக்கைப் பார்க்க விடுவார்கள். தொலைவில் இருந்தால் காசு கொடுத்தாவது விஷயம் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள். கையில் இருக்க வேண்டியவை: சின்ன டார்ச், பூதக்கண்ணாடி, மெல்லிய பருத்திக் கையுறை, காகிதமும் பென்சிலும், அனுமதித்தால் சோதிக்க ஒன்பது வோல்ட் பேட்டரியும் இரண்டு வயர்களும்.

முதலில் பார்க்க வேண்டியது உலோக அடிச்சட்டம். துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற அசுத்தம் கலந்திருந்தால் ஆண்டுகள் போகப்போக அது உள்ளுக்குள்ளேயே அரித்து, உப்பி, வெடித்து, கடைசியில் பொடியாகும். ஜிங்க் பெஸ்ட் என்பார்கள். ஈரப்பதம் அதை வேகப்படுத்தும். மருந்து கிடையாது, சட்டத்தை மாற்றுவதுதான் வழி, மூடிய நிறுவனத்தின் சட்டத்துக்கு மாற்று எங்கே போய்த் தேடுவது? எஞ்சினைச் சமதளத்தில் வைத்து எல்லாச் சக்கரமும் படிகிறதா என்று பாருங்கள். மேற்கூடு சட்டத்தில் சரியாக உட்காராமல் விரிந்திருக்கிறதா, உலோகத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா, முனைகள் வளைந்திருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பக்கத்து மாடலுக்குத் தொற்றுமோ என்று பயப்பட வேண்டாம், தொற்றாது. ஆனால் ஒரே காலத்து வார்ப்பில் வந்த மற்றவற்றுக்கும் அதே குறை இருக்க வாய்ப்புண்டு.

அடுத்தது பல்சக்கரங்கள். சக்கரத்தின் உலோக அச்சில் இறுக்கிப் பொருத்திய பிளாஸ்டிக் பல்சக்கரம் காலப்போக்கில் சுருங்கி வெடிக்கும். பிரிக்காத புதுப் பெட்டியில் இருந்தாலும் வெடித்திருக்கும், ஓடாததால் தப்பித்துவிடாது. அடித்தட்டு இடைவெளி வழியாகக் கண்ணுக்கு எட்டிய வரை பாருங்கள். எஞ்சினைக் கையால் தள்ளிப் பார்க்காதீர்கள்; திருகுப் பல்லால் இயங்கும் எஞ்சினின் சக்கரம் தள்ளினால் சுழலாது, வற்புறுத்தினால் நல்ல பல்லும் போகும்.

பெட்டிக்குள் இருக்கும் நுரை மெத்தையைத் தொட்டுப் பாருங்கள். பழைய நுரை பிசுபிசுத்து, பெயின்ட்டில் ஒட்டி, அதையே உரித்துவிடும். மேலிருந்து பார்க்க அழகாக இருக்கும் எஞ்சினின் மறுபக்கம் பாழாகியிருக்கலாம். எடுத்துத் திருப்பிப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

சின்னப் பாகங்கள் அடங்கிய பை பெட்டியில் இருக்கிறதா? கைப்பிடிக் கம்பிகள், குழாய்கள், இணைப்பிகள் அதில்தான் இருக்கும். பை இல்லை என்றால் மதிப்பைக் குறையுங்கள்; தனியாகக் கிடைப்பது அரிது. பேட்டரி போடும் கட்டுப்பாட்டுக் கருவிகளில் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருக்கிறதா என்றும் திறந்து பாருங்கள்.

உறைந்த கிரீஸ், காய்ந்த ரப்பர் வளையம், தூசி, துருவேறிய தொடர்புத் தகடு இவையெல்லாம் வீட்டில் ஒரு மாலையில் சரிசெய்யக்கூடியவை. மற்றவர்கள் இவற்றைப் பார்த்துப் பயந்து ஒதுங்கும் லாட் உங்களுக்கு நல்ல லாட்.

நேர்மின் எஞ்சினைச் சோதிக்க அனுமதித்தால் பேட்டரி வயர்களை இரு பக்கச் சக்கரங்களில் ஒரு நொடி வைத்தால் போதும். மோட்டார் முனகினாலே உயிர் இருக்கிறது. டிகோடர் (டிஜிட்டல் கட்டளையை வாங்கி எஞ்சினை ஓட்டும் சின்ன மின்னணுப் பலகை) பொருத்திய எஞ்சின் பேட்டரிக்கு அசையாமல் இருப்பது குறைக்கு அடையாளம் இல்லை. நேர்மின் ஓட்டம் அதில் அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம்.

7. முன்மாதிரி வாங்குவதாக இருந்தால்

இதற்காகவே பலர் கலைப்பு ஏலத்துக்கு வருகிறார்கள், நானும் அப்படித்தான். ஒரு மாடல் கடைக்கு வருவதற்கு முன் பல நிலைகளைத் தாண்டுகிறது. எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் விலை சொல்லக் கூடாது.

முதலில் கையால் செய்ததோ முப்பரிமாண அச்சில் வந்ததோ ஆன உருவம். வடிவம் சரியா என்று பார்க்கச் செய்தது, உள்ளே மோட்டார் இருக்காது. அச்சுப் பிசின் வெயிலில் வளையும், கீழே விழுந்தால் கண்ணாடிபோல் நொறுங்கும். அடுத்து அச்சிலிருந்து வரும் முதல் பிளாஸ்டிக் வார்ப்புகள். அன்றைக்குக் கையில் இருந்த பிளாஸ்டிக்கில் வார்ப்பார்கள் என்பதால் கூடு கறுப்பு, கூரை சாம்பல், சக்கரப்பெட்டி வெள்ளை என்று நிறம் ஒட்டாமல் இருக்கும். இதைக் கோர்த்து ஓட்டிப் பார்க்கும் பொறியியல் மாதிரிகளும் உண்டு. கடைசியாக, பெயின்ட் அடித்து எழுத்துப் பதித்த அலங்கார மாதிரி. விளம்பரப் படங்களில் பெரும்பாலும் நிற்பது இதுதான். பித்தளை மாடல்களில், முதலில் செய்து ஒப்புதலுக்கு அனுப்பும் பைலட் மாதிரி தனி வகை.

மதிப்பைத் தீர்மானிப்பது முக்கியமாக ஒன்றுதான்: இந்த மாடல் பின்னால் உற்பத்திக்கு வந்ததா? வந்திருந்தால், கடை மாடலைவிடக் குறைந்த விவரங்களோடு, பொருந்தாத பாகங்களோடு இருக்கும் ஒரு ஆவணம் இது. ஓட்டுவதற்கு வாங்க வேண்டாம். நிறுவனம் மூடியதால் உற்பத்திக்கே வராமல் நின்றுபோயிருந்தால், உலகத்தில் இருப்பதே இந்தச் சில மாதிரிகள்தான். அதற்குத்தான் போட்டி பலமாக இருக்கும்.

போலிகளும் வருகின்றன. சாதாரண மாடலின் பெயின்ட்டை உரித்துவிட்டு முன்மாதிரி என்று விற்பார்கள். உரித்த மாடலில் மூலைகளிலும் ரிவெட் வரிசைகளின் ஓரத்திலும் பழைய பெயின்ட் சிக்கியிருக்கும், மேற்பரப்பு மங்கியிருக்கும். உண்மையான வார்ப்பில் வெட்டிய பிசிறுகள், சரியாக நிரம்பாத மூலைகள், அச்சு ஒட்டின் கோடுகள் தெரியும். அடிப்பக்க எழுத்துகளையும் பாருங்கள். உற்பத்தி மாடலில் இருக்கும் நாடு, பெயர் முத்திரை முன்மாதிரியில் பல சமயம் இருக்காது.

கயிற்றில் கட்டிய சீட்டு, ஒட்டிய ஸ்டிக்கர், கையெழுத்துத் தேதி, திருத்தக் குறிப்புகள் எதையும் எடுக்காதீர்கள், துடைக்காதீர்கள். பெட்டிக்குள் மடித்து வைத்த காகிதம் இருந்தால் அதுவும் பொருளின் பகுதி. அதைச் சேர்த்துத்தான் லாட் என்று பார்வை நாளிலேயே ஊழியரிடம் சொல்லி, அனுமதியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். லாட் நகர்த்தும்போது சீட்டுகள் காணாமல் போவது சாதாரணம்.

உரிமை விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். முன்மாதிரியை வாங்கினால் அந்தப் பொருள் உங்களுடையது. வடிவமைப்பு உங்களுடையது ஆகாது. அதை வைத்து நகல் வார்த்து விற்க முடியாது. உலோக அச்சையே வாங்கினாலும் வணிகப் பெயர் கூட வராது. பெயர், அச்சு, சரக்கு மூன்றும் தனித்தனியாக விற்கப்படும். 2004ல் லிமா, ரிவரோசி, ஜூயெஃப், அர்னால்ட் என்ற மாடல் ரயில் பெயர்களைப் பிரிட்டிஷ் நிறுவனமான ஹார்ன்பி வாங்கியது. 2020ல் மூடப்போவதாக அறிவித்த அமெரிக்க மாடல் ரயில் நிறுவனமான எம்டிஹெச்சின் அச்சுகள் பல நிறுவனங்களுக்குப் பிரிந்து போயின. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பெட்டியில் இருக்கும் பெயரை இன்றைக்கு வைத்திருக்கும் நிறுவனத்திடம் உங்கள் பழைய மாடலுக்கு உதிரிபாகம் இருக்கும் என்று எண்ணக் கூடாது. வாங்குவதற்கு முன் எழுதிக் கேளுங்கள்.

இன்னொரு ஆபத்து, மூன்றாம் ஆளின் உரிமை. பழுதுக்கு வந்த வாடிக்கையாளர் எஞ்சின், இன்னொரு நிறுவனம் பார்வைக்குக் கொடுத்த மாதிரி, பணம் கட்டாததால் சப்ளையருக்கே சொந்தமான சரக்கு இவையும் கிடங்கில் கலந்திருக்கும். உரிமை கோரி யாராவது வந்தால் லாட்டைத் திரும்ப எடுத்துவிடுவார்கள். அப்போது ப்ரீமியமும் சேர்த்துத் திரும்பக் கிடைக்குமா என்பதை நிபந்தனையில் பாருங்கள்.

8. ஏல நாள்

இணைய ஏலத்தில் கடைசி நிமிடத்தில் கேட்டால் நேரம் தானாக நீளும் முறை பரவலாக இருக்கிறது. ஆகவே கடைசி நொடியில் பாய்ந்து பிடிக்கும் தந்திரம் இங்கே பலிக்காது. உங்கள் உச்சத்தொகையை முன்கூட்டியே கொடுத்துவிட்டு விலகி உட்காருங்கள். மற்றவர் கேட்பதற்கு ஒரு படி மேலே மட்டும் கணினி உங்களுக்காகக் கேட்கும்.

எதிர்பார்ப்பு உள்ள லாட்டுகளில் எல்லோரும் பணத்தைக் கொட்டிய பிறகு, பட்டியலின் கடைசிப் பகுதியில் உதிரிபாகப் பெட்டிகள், தண்டவாளக் கட்டுகள், பழுதான எஞ்சின் குவியல்கள் வரும். ஆள் குறைந்திருக்கும். மூடிய நிறுவனத்தின் மாடல்களை ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு அந்த உதிரிபாகப் பெட்டிதான் உண்மையான புதையல். அதுவரை பொறுமையாக இருங்கள்.

இணைய ஏலத்தில் ஒருமுறை கேட்டுவிட்டால் பெரும்பாலும் அதிலிருந்து பின்வாங்க முடியாது. வென்றுவிட்டுப் பணம் கட்டாமல் விட்டால் முன்பணம் போகும். மறு ஏலத்தில் குறைந்த தொகைக்குப் போனால் வித்தியாசத்தையும் உங்களிடம் கேட்கலாம்.

9. பணமும் சரக்கும்

பணம் கட்டப் பெரும்பாலும் சில நாட்கள்தான் தருவார்கள், வங்கி மாற்றல்தான் பொதுவான வழி. இன்வாய்ஸ் வந்த பிறகு "எங்கள் கணக்கு எண் மாறிவிட்டது" என்று மின்னஞ்சல் வந்தால் கட்டாதீர்கள். ஏல நிறுவனத்தின் பழைய எண்ணுக்கு நீங்களே போன் செய்து சரிபாருங்கள்.

எடுக்கும் கெடுவில் இரக்கம் இருக்காது. கிடங்கின் வாடகை ஒப்பந்தமே முடியப்போகிறது, அதனால்தான் அவசரம். தவறினால் நாள் வாடகை ஏறும், பிறகு கைவிட்ட சரக்கு என்று அறிவித்துவிடவும் முடியும். பேக்கிங் அவர்கள் வேலை இல்லை என்று வைத்துக்கொண்டே போங்கள். அட்டைப்பெட்டி, குமிழித்தாள், அமிலமில்லாத மெல்லிய காகிதம், டேப், மார்க்கர் எல்லாம் கொண்டுபோங்கள். எஞ்சினைக் காகிதத்தில் சுற்றிய பிறகுதான் குமிழித்தாள். குமிழி நேராகப் பெயின்ட்டில் பட்டால் தடம் விழும். கனமான எஞ்சின்களையும் லேசான பெட்டிகளையும் ஒரே அட்டையில் போடாதீர்கள். கிளம்புமுன் லாட் எண் வாரியாக எண்ணி, குறைந்தால் அங்கேயே எழுதி வாங்குங்கள். வாசலைத் தாண்டிய பிறகு சொன்னால் எடுபடாது.

10. வேறு நாட்டிலிருந்து வரவழைத்தால்

சுங்க வகைப்பாட்டில் அளவு குறைத்த மாடல்கள் 9503 என்ற தலைப்பின் கீழ் வரும். இன்வாய்ஸில் வெறுமனே "எஞ்சின்", "ரயில் பாகங்கள்" என்று எழுதியிருந்தால் நிஜ ரயில் சாமான்களுக்கான 86ஆம் அத்தியாயத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வாய்ப்பு உண்டு. பிறகு விளக்கம் எழுதியே வாரங்கள் போகும். "பொழுதுபோக்கு மாடல் ரயில், அளவு 1:87" என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். பல நாடுகளில் அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்த்த தொகைக்குத்தான் தீர்வை போடுவார்கள். உங்கள் உச்சவரம்புக் கணக்கில் இதையும் சேர்த்துவிடுங்கள்.

உற்பத்திக்கு வராத முன்மாதிரிக்குச் சந்தை விலை கிடையாது. அதனால் சுங்கத்தில் கேள்வி வரும். ஏல இன்வாய்ஸ், லாட் பக்கத்தின் படம், பணம் கட்டிய ரசீது மூன்றையும் பெட்டிக்கு வெளியே ஒட்டிய உறையில் வைக்கச் சொல்லுங்கள். லித்தியம் பேட்டரி, புகை எண்ணெய்ப் புட்டி இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள், விமானத்தில் நிறுத்திவிடுவார்கள்.

11. கைக்கு வந்த பிறகு

அன்றைக்கே பிரித்து, ஒவ்வொன்றையும் லாட் எண்ணோடு படம் எடுங்கள். குறை சொல்லும் கெடு குறுகியது.

கலப்பு லாட்டில் வந்த பழைய மின்மாற்றிகளைச் சுவரில் சொருகவே சொருகாதீர்கள். வயரின் மேலுறை காய்ந்து உதிர்ந்திருக்கும். உலோகப் பெட்டியில் மின்சாரம் பாய்ந்தால் உயிருக்கே ஆபத்து. அதைக் காட்சிக்கு வையுங்கள், ஓட்டுவதற்கு நல்ல நிலையில் உள்ள புதிய ஒன்றை எடுங்கள்.

எஞ்சினைத் திறந்து பழைய கிரீஸைத் துடைத்து, பிளாஸ்டிக்கைப் பாதிக்காத எண்ணெயைத் துளித்துளியாக விட்டு, குறைந்த வேகத்தில் இரு திசையிலும் ஓட்டுங்கள். டிகோடர் இருந்தால் கட்டுப்பாட்டுக் கருவியில் முதலில் எஞ்சின் முகவரி 3ஐ முயலுங்கள், ஆலையிலிருந்து வரும்போது அதுதான் வழக்கம். பதில் இல்லை என்றால் பல டிகோடர்களில் சிவி 8 என்ற அமைப்பு எண்ணில் 8 என்று எழுதினால் ஆரம்ப நிலைக்குத் திரும்பும். முன்மாதிரிகளில் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். அவற்றை வெயில் படாத, ஈரம் இல்லாத அலமாரியில் பழைய நுரையை நீக்கிவிட்டு வையுங்கள்.

இன்வாய்ஸ், பட்டியல் பக்கம், கலைப்பாளர் சார்பு என்று உறுதிசெய்த மின்னஞ்சல், பார்வை நாள் படங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, காகிதத்திலும் ஒரு பிரதி எடுங்கள். ஏல நிறுவனத்தின் இணையப் பக்கம் சில மாதங்களில் மறைந்துவிடும். ஒரே இன்வாய்ஸில் பல லாட்டுகள் இருந்தால், ப்ரீமியம், வரி, போக்குவரத்து எல்லாவற்றையும் ஏலத்தொகை விகிதத்தில் பிரித்து, ஒவ்வொரு மாடலின் பக்கத்திலும் அதன் முழு அடக்க விலையை இப்போதே எழுதிவிடுங்கள். வேண்டாதவற்றை விற்கும்போதும், காப்பீட்டுக்கு மதிப்புச் சொல்லும்போதும் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.